டாக்டர் கனகவல்லிமீது உங்களுக்கிருந்த சந்தேகம்

தாத்தா,

இன்று மத்தியானத் தபாலில் சென்னையிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. சிவப்புத் துணி அட்டை, முதுகில் பொன்னெழுத்து. 'அறியாச் சுரம் அல்லது பங்கஜத்தின் விதி.' நாம் மாதாமாதம் தனித்தனிப் பகுதியாக வாங்கி வாசித்த அதே நாவலை இப்போது ஒரே புத்தகமாகக் கட்டி விற்கிறார்கள். அட்டைக்கு ஒட்டிய பசையின் வாசனை இன்னும் போகவில்லை. முதல் தாளில் 'வாசகர் அபிப்பிராயங்கள்' என்று தலைப்பிட்டுப் பெரிய மனிதர்களின் பாராட்டுகளை வரிசையாக அச்சடித்திருக்கிறார்கள். ஒரு வக்கீல், இரண்டு தலைமையாசிரியர்கள், ஒரு ஜமீன்தார். எல்லோருக்கும் கீழே சின்ன எழுத்தில் இப்படி இருக்கிறது: 'கடைசிப் பக்கம் வரை கீழே வைக்க முடியவில்லை. கண்டி நகரத்துச் சகோதரிகள் மூவர்.'

அந்த மூவர் நாம்தான். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்பிய நீண்ட கடிதத்தில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் பிழைத்திருக்கிறது. மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு, தங்களுக்கு இனித்ததை மாத்திரம் போட்டிருக்கிறார்கள். நான் தனியாக இருந்து சிரித்தேன். நீங்கள் இருந்திருந்தால் முக்காட்டு நுனியை வாயில் கவ்விக்கொண்டு, சத்தமே வராமல் தோள்கள் மட்டும் குலுங்கச் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் மௌத்தாகி ஒரு வருடமாகிறது. உங்களிடம் பேச வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் துக்கமாக வருவதில்லை. சனிக்கிழமை பின்னேரம் குடையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் புறப்படும்போது வருமே ஒரு துடிப்பு, அப்படித்தான் வருகிறது.

உங்கள் தங்கைமார் தங்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஆசிரியையாக வந்த புதிதில் எனக்கு அந்தச் சொல் வாயில் நிற்காது. சொல்வதை நீங்கள் 'செல்வது' என்பதும், இருக்கு என்பதை 'ஈக்கி' என்பதும் காதுக்குப் பழக நாளானது. நீங்கள் என்னை டீச்சர் என்றீர்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆனாலும் பேர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. உங்கள் கணவர் ஹாஜியாரின் துணிக்கடைக்கு மேல்மாடியில் உங்கள் வீடு. கீழே சீத்தைத் துணியும் சாரமும் விற்கும் சத்தம், மேலே நாம் மூவர். நீங்கள், நான், கட்டுக்கலையில் எனக்கு அடுத்த வீட்டுச் செல்லம்மா. செல்லம்மாவின் கணவர் நகரசபையில் கிளார்க். அவளுடைய அப்பா இந்தியாவிலிருந்து வந்து இங்கே கடை வைத்தவர்.

அரபுத்தமிழில் எழுதிய கிதாபுகளை நீங்கள் தண்ணீர் ஓடுவதுபோல வாசிப்பீர்கள். நாம் பேசும் இதே தமிழ், எழுத்து மட்டும் அரபு. தமிழ் எழுத்துதான் உங்கள் கண்ணுக்குப் பழகவில்லை. அதனால் நான் வாசிக்க நீங்கள் கேட்பது என்று ஏற்பாடு. செல்லம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் கொலை வரும் இடத்தில் குரல் எழும்பாது.

நம்முடைய வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது சென்னையிலிருந்து வர ஒரு மாதமாகும். அதற்குள் ஒவ்வொருவரும் குற்றவாளி யார் என்று அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும். சொன்னதை மாற்றலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் போட்டதே நீங்கள். காரணம் இல்லாமல் ஆளை மாற்றினால் தேத்தண்ணீருக்குச் சீனி கிடையாது.

மலேரியாக் காய்ச்சல் எங்கள் பக்கத்தையெல்லாம் ஆட்டிவைத்து ஓய்ந்த பிறகு வந்த வருடம் அது. ஊரில் யாராவது இருமினாலும் நாலு பேர் திரும்பிப் பார்த்த காலம். நாவலும் காய்ச்சலைப் பற்றியதாக இருந்தது. ஒரு ஜமீன்தாரின் இளம் மனைவி பங்கஜம். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு இனந்தெரியாத சுரம். சாயந்தரமானால் உடம்பு நீலம் பாரிக்கும். பெரிய பெரிய வைத்தியர்கள் வந்து கைவிரித்துவிட்டுப் போவார்கள். கடைசியில் சென்னையில் படித்த டாக்டர் கனகவல்லி வந்து, இது நோயல்ல, யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பாள். யார் என்பதுதான் கதை. வீட்டிலே ஒரு கம்பவுண்டர், பொறாமை பிடித்த நாத்தனார், ஊமைபோல நடமாடும் சமையற்காரன்.

"கம்பவுண்டர்தான்," என்றேன் நான்.

"நாத்தனாருங்க. அவ அட்டிகைய வருணிச்சிருக்காங்க பாருங்க, நல்ல பொம்பளைக்கு அந்த அட்டிகை எதுக்கு?" என்றாள் செல்லம்மா.

நீங்கள் பாக்கு வெட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னீர்கள்: "டாக்டர்தான்."

"எந்த டாக்டர்? அந்தக் கிழவரோ?"

"கனகவல்லி."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கனகவல்லிதானே விஷம் என்று கண்டுபிடித்தவள்! அவள்தானே இரவும் பகலும் கட்டிலோடு இருந்து பார்க்கிறவள்!

"அதுதான் செல்றன். வந்து எவ்வளவு நாளாகுது? குப்பி குப்பியாக் குடுக்கிறா. ஒரு நாளாவது, 'புள்ள, இது இன்ன மருந்து, இதுக்காகத்தான் தாறன்' எண்டு அந்தப் பங்கஜத்துக்கிட்ட ஒரு சொல் செல்லியீக்கிறாளா? இல்ல. செல்லாமக் குடுக்கிறவளை நான் நம்ப மாட்டன்."

இன்னொரு குறையும் சொன்னீர்கள். "இந்தக் கதையில ஒருத்தரும் சோறு தின்றதில்ல, டீச்சர். பசிக்காத மனுசரை எப்படி நம்புற?"

செல்லம்மா பங்கஜத்திடம் மனத்தைப் பறிகொடுத்திருந்தாள். மூன்றாம் பகுதியில் பங்கஜம் நினைவிழந்ததோடு கதை நின்றுவிட்டது. அடுத்த மாதம் வரை அவள் உயிரோடு இருப்பாளா என்று தெரியவில்லை. செல்லம்மா நேரே கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்குப் போய் ஓர் அர்ச்சனைத் தட்டை நீட்டிவிட்டாள்.

அவள் பிறகு நமக்குச் சொன்னபடி நடந்தது இதுதான். ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். பேர் பங்கஜம், நட்சத்திரம் தெரியாது என்றாள். என்ன உடம்புக்கு என்று கேட்டார். இனந்தெரியாத விஷக்காய்ச்சல், அந்திப் பொழுதானால் நீலம் பாரிக்கிறது, இன்றைக்கு நினைவு தப்பிவிட்டது என்று கண்ணைத் துடைத்தாள். பிள்ளை எங்கே இருக்கிறாள் என்றார். "நான் ஹாஜியார் கடை மேல்மாடிக்குப் போனாத்தாங்க சேதி தெரியும்," என்றாள். ஐயர் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கையைச் சற்று நீட்டியே கொடுத்தாராம். பின்னால் நின்ற நாலைந்து பேரும் விலகி வழிவிட்டார்களாம். இவள் அதைத் தன் பக்திக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை சனிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

நாம் திரைக்குப் பின்னால் இருந்தோம். ஹாஜியார் படியேறி மூச்சு வாங்கக் கூட வந்தார். இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"இஞ்சை ஒரு பொம்பிளைப்பிள்ளை விஷக்காய்ச்சலோட கிடக்கிறா எண்டு அறிவிச்சிருக்கினம். பேர் பங்கஜம்."

"எங்கட ஊட்டிலயா? பங்கஜமா?" ஹாஜியாரின் குரல் உடைந்தது. "ஐயா, மெதுவாப் பேசுங்க. கீழ கடையில ஆள் ஈக்கி. அப்பிடி ஒரு பொம்புள இந்த ஊட்டில இல்ல, அல்லாஹ்வுக்காக நம்புங்க!"

அந்த நிமிஷத்தில் அவருடைய பயம் காய்ச்சலுக்கானதல்ல. நீங்கள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டீர்கள். செல்லம்மாவின் முகம் வெளுத்துப்போய்விட்டது. நான் மூன்று பகுதிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"இவதான் பங்கஜம்," என்று இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன்.

அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். ஹாஜியார் கொடுத்த கதிரையில் உட்கார்ந்தார். "ஓ," என்றார். "இது அச்சடிச்ச காய்ச்சல்." பிறகு உத்தியோகக் குரலுக்குத் திரும்பி, "அப்ப இந்த வீட்டில ஒருத்தருக்கும் சுகவீனம் இல்லை எண்டு நான் எழுதலாமோ?" என்று கேட்டார்.

ஹாஜியார் திரைப் பக்கம் திரும்பினார். "செல்லுங்களேன். ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லதானே?"

உங்கள் சிரிப்பு அடங்கிப்போயிருந்தது. பிறகு, "காய்ச்சல் இல்ல," என்றீர்கள்.

இன்ஸ்பெக்டருக்கு அது போதும். அறிக்கையோடு வைக்க வேண்டும் என்று முதல் பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். திருப்பித் தர வந்தபோது இரண்டாவதைக் கேட்டார். அவருடைய அபிப்பிராயமும் கம்பவுண்டர்தான் என்று ஹாஜியார் மூலம் நமக்கு எட்டியது.

ஆனால் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்லவில்லையே! பொய் சொல்லத் தெரியாதவர் சொல்லும் பதில் அது. செல்லம்மா முகம் கழுவப் போன நேரம் பார்த்து, "தாத்தா, உங்களுக்கு என்ன?" என்று கேட்டேன்.

நீங்கள் என் கையைப் பிடித்து உங்கள் வயிற்றின்மேல் வைத்தீர்கள். சேலைக்குக் கீழே, தொப்புளுக்கு வலப்புறம், உருண்டையாக, இறுக்கமாக ஏதோ தட்டுப்பட்டது. ஒரு முற்றிய மாதுளங்காய் அளவிருக்கும்.

"போன நோன்புக்கு எலுமிச்சங்காய் அளவு இருந்திச்சு," என்றீர்கள். ஏதோ தோட்டத்து விளைச்சலைச் சொல்வதுபோல.

ஹாஜியாருக்கும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குத்தான் உங்கள் உம்மாவின் கதையைச் சொன்னீர்கள். நீங்கள் சிறுமியாகக் கடுகண்ணாவையில் இருந்தபோது உம்மா வயிற்றுவலியோடு படுத்தார். யாரோ ஒரு வைத்தியர் வந்தார். குப்பியில் ஏதோ கொடுத்தார். அது என்ன, எதற்கு என்று கேட்ட வாப்பாவுக்கு, உமக்குச் சொன்னால் விளங்காது என்று பதில் கிடைத்தது. உம்மா இரண்டு கிழமையில் போய்விட்டார். "அந்த மருந்துதான் கொன்னுச்சு எண்டு நான் செல்லல்ல, டீச்சர். மௌத்து அல்லாஹ்ட கையில. ஆனா உம்மாவுக்கு என்ன நடந்திச்சு எண்டு இண்டைக்கும் எங்களுக்குத் தெரியா."

நான் செல்லம்மாவிடம் சொன்னேன், உங்கள் சம்மதத்தோடு ஹாஜியாரிடமும் சொன்னேன். அன்றிலிருந்து நம்முடைய வாசிப்பு வேறு மாதிரியாகிவிட்டது. நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்த நாளில் கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். உங்களை அவரிடம் கொண்டுபோக வேண்டும். நீங்களோ நாவலில் வந்த பெண் டாக்டரைக் கொலைகாரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே நானும் செல்லம்மாவும் கனகவல்லிக்கு வக்கீல்களாகிவிட்டோம்.

"தங்கமான பொண்ணுங்க அது. பங்கஜத்துக்காகச் சாப்பிடாமக் கெடக்குது," என்பாள் செல்லம்மா.

"எல்லாருமே சாப்பிடாமத்தான் கெடக்கிறாங்க, நான் அப்பவே செல்லிட்டன்."

"கம்பவுண்டரிட்ட மருந்து அலுமாரித் திறப்பு இருக்குது, தாத்தா," என்பேன் நான்.

"திறப்பு ஈக்கிறவனெல்லாம் கள்ளனா? எங்கட கடைத் திறப்பு என் இடுப்பிலதான் ஈக்கி."

எந்த வாதமும் எடுபடவில்லை. ஹாஜியாரும் படியேறி வந்து, கதையே தெரியாமல், "அந்த டாக்டர் நல்லவ எண்டுதான் கடையில எல்லாரும் செல்றாங்க," என்று ஒரு போடு போட்டார். கடையில் ஒருவரும் அந்த நாவலை வாசிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நீங்கள் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தீர்கள். எங்கள் அபிப்பிராயங்கள் எங்கிருந்து வருகின்றன என்று உங்களுக்கு விளங்காமல் போயிருக்குமா? எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினீர்கள். எனக்கும் செல்லம்மாவுக்கும் சீனி போடவில்லை.

வலி கூடிய பிறகு, பார்க்க மாத்திரம் என்று சொல்லித்தான் வந்தீர்கள். டாக்டர் பார்த்துவிட்டு, கட்டியை எடுக்காவிட்டால் நாள் போகப்போக ஆபத்து என்றார். நீங்கள் வார்டில் படுக்க ஒப்புக்கொண்டீர்கள். கத்திக்கு ஒப்புக்கொள்ளவில்லை. "படுக்கிறது படுக்கிறன். வெட்டுறதப் பத்தி யோசிச்சுச் செல்றன்," என்றீர்கள். டாக்டர் நாள் குறித்துவிட்டார், நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்தீர்கள். ஹாஜியார் ஆஸ்பத்திரி வாசலில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு நின்றார்.

நாவலின் கடைசிப் பகுதி அந்த நாளைக்கு முந்திய தினம் தபாலில் வந்தது.

நானும் செல்லம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், குளக்கரை மரத்தடியில் நின்று, தாள்களைப் பிரித்து முடிவைப் பார்த்தோம். கனகவல்லிதான். ஜமீன்தாரின் செத்துப்போன முதல் மனைவிக்குத் தங்கை அவள். தானே சமையற்காரன் மூலம் விஷம் வைக்கச் செய்து, தானே வந்து கண்டுபிடித்து, நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டு பங்கஜத்தை மெதுவாகக் கொன்றுகொண்டிருந்தாள்.

செல்லம்மா தலையில் கைவைத்துக்கொண்டு மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, "டீச்சர், அக்காவுக்குத் தமிழ் எழுத்து தெரியாதில்ல?" என்றாள்.

"தெரியாது."

"அப்ப அந்த ஒரு எடத்த மட்டும் மாத்தி வாசிச்சிருங்க. கம்பவுண்டர்னு சொல்லிருங்க. பாவம் ஒண்ணும் இல்லீங்க. உசுரு பெருசா, கதை பெருசா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்த இடத்தில் நின்று யோசித்துப் பார்த்தால் வேறு பதிலும் கிடையாது. நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாள்களைப் பழுப்புக் கடதாசியில் மறுபடி சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

நீங்கள் சுவரோரக் கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். என் கையிலிருந்த கட்டைப் பார்த்ததும், "வந்திச்சா? வாசிங்க," என்றீர்கள். நாளைக்கு வாசிக்கலாமே என்றேன். "நாளைக்கு நான் ஈக்கிறனோ இல்லயோ. வாசிங்க, டீச்சர்."

வாசித்தேன். கம்பவுண்டரின் பெட்டியைச் சோதிக்கிறார்கள், நாத்தனார் மயங்கி விழுகிறாள், போலீஸ் வருகிறது. அடுத்த வரியில் பேர் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று செல்லம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பவுண்டர் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. அப்போதுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, என் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு என்னைத் தவிர வேறு வழி இல்லை.

"'குற்றவாளி வேறு யாருமல்ல. டாக்டர் கனகவல்லியே,'" என்று வாசித்தேன்.

செல்லம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

"நான் செல்லல்லயா?" என்றீர்கள். அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. "ரெண்டாம் பகுதியில செல்லல்லயா? கம்பவுண்டராம், நாத்தனாராம்! படிச்ச டீச்சரும் கிளார்க்கு பொஞ்சாதியும்!"

அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் உங்கள் முகத்தில் கண்டதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் டாக்டர் வந்தார். மெலிந்த பெண், காதில் சின்னத் தோடு, யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"என்ன கொண்டாட்டம் இஞ்சை?"

"ஒரு டாக்டர் கொலை செஞ்சு புடிபட்டிட்டா," என்றீர்கள் நீங்கள், நேராக அவர் முகத்தைப் பார்த்து. "பொம்புள டாக்டர்."

செல்லம்மாவுக்கு உயிர் போய்விட்டது. டாக்டர் என் கையிலிருந்து தாள்களை வாங்கி, விஷத்தைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை நின்றபடியே வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் நெற்றி சுருங்கியது.

"இது பிழை," என்றார். "இந்த மருந்தை இவ்வளவு குடுத்தால் ஆள் நீலமாகாது. சத்தியெடுத்து எல்லாம் வெளியில வந்திடும். எழுதினவர் ஒரு டாக்டரிட்டையும் கேக்கேல்லைப் போல."

"அப்ப உங்களுக்கு இதவிட நல்லாக் கொல்லத் தெரியும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "தெரிஞ்சு வைச்சிருக்கிறது குடுக்காமல் இருக்கிறதுக்கு, அம்மா."

நீங்கள் சிரிக்கவில்லை. அவரை உட்காரச் சொன்னீர்கள். "எனக்கு என்ன செய்யப் போறீங்க? செல்லுங்க. விளங்கிற மாதிரிச் செல்லுங்க."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நாவல் வந்த பழுப்புக் கடதாசியின் பின்புறத்தில் பென்சிலால் ஒரு வயிற்றை வரைந்தார். கட்டி எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் கீறுவார், மயக்க மருந்து என்ன செய்யும், முழித்ததும் எப்படி வலிக்கும், எத்தனை நாள் தண்ணீர் குடிக்க விடமாட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிழைப்பேனா என்று கேட்டீர்கள். "பிழைக்கிறவைதான் கூட. பிழைக்காமல் போறவையும் இருக்கினம். அதையும் உங்களுக்குச் சொல்லத்தானே வேணும்," என்றார்.

நீங்கள் அந்தப் பென்சில் படத்தை நெடுநேரம் பார்த்தீர்கள்.

"சரி," என்றீர்கள். "வெட்டுங்க."

அவர் போன பிறகு செல்லம்மா அழுதுகொண்டே கேட்டாள்: "பயமில்லையா அக்கா? கதையில அந்தப் பாவி பண்ணினதக் கேட்டப்புறமுமா?"

"கதை வேற, செல்லம்மா. நான் என்ன, கனகவல்லிக்குப் பயந்தா வராம இருந்தன்? எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியா. டீச்சர் உள்ளத உள்ளபடி வாசிச்சாத்தான் எனக்குக் கதை. என் வயித்துக்குள்ள ஈக்கிறதும் எனக்குத் தெரியா. இவ உள்ளத உள்ளபடி வாசிச்சுச் செல்லிட்டா. அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "நீங்க அந்த எடத்தில நிண்டுட்டீங்க, டீச்சர். நிண்டப்பவே நான்தான் சரி எண்டு தெரிஞ்சிட்டுது. மாத்தி வாசிச்சிருந்தா இதையும் நம்பியிருக்க மாட்டன், அவ போட்ட படத்தையும் நம்பியிருக்க மாட்டன்," என்றீர்கள்.

நான் குனிந்து தாள்களை அடுக்கினேன். நீங்கள் அதற்குள் செல்லம்மாவிடம் அட்டிகையைப் பற்றிக் கிண்டல் பண்ணத் தொடங்கிவிட்டீர்கள்.

மறுநாள் காலை நாங்கள் வெளி விறாந்தையில் இருந்தோம். ஹாஜியார் ஓதிக்கொண்டிருந்தார், செல்லம்மா விபூதிப் பொட்டலத்தைக் கையில் இறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. டாக்டர் வெளியே வந்து, மாதுளங்காய் இல்லை, இளநீர் அளவு என்று கையால் காட்டினார். அந்தப் பின்னேரம் மயக்கம் தெளிந்து நீங்கள் முதலாவது கேட்டது ஹாஜியாரை அல்ல, பிள்ளைகளை அல்ல. "டீச்சர், அந்தக் கம்பவுண்டரை விட்டுட்டாங்களா?" என்றீர்கள். மிச்சப் பக்கங்களை நான் இன்னும் வாசித்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து எழும்பி உட்காரத் தொடங்கியதும் நாவலாசிரியருக்கு நீங்கள் சொல்லி எழுதச் செய்த கடிதம் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். கடைசிப் பக்கம் வரை கீழே வைக்க முடியவில்லை என்று தொடங்கியது. கனகவல்லிதான் என்று கண்டியில் ஒருவர் இரண்டாம் பகுதியிலேயே கண்டுபிடித்துவிட்டார், ஆகவே அடுத்த முறை இன்னும் கொஞ்சம் மறைத்து எழுதவும். விஷத்தின் அளவு பிழை, எங்கள் டாக்டரின் அபிப்பிராயத்தில் எல்லாம் சத்தியில் போய்விடும். உங்கள் கதையில் ஒருவரும் சாப்பிடுவதில்லை. பெண் டாக்டர்கள் எல்லோரையும் இப்படி எழுத வேண்டாம், சிலர் நல்லவர்கள், எங்களுக்கு ஒருவரைத் தெரியும். நோயாளிக்கு மருந்தின் பேரைச் சொல்லும் ஒரு டாக்டரை அடுத்த கதையில் வைக்கவும். ஆசிரியருக்கு இது கோபமூட்டுமே என்றேன். "அபிப்பிராயம் கேட்டவர் அவர்தானே!" என்றீர்கள்.

அதற்குப் பிறகும் எத்தனையோ சனிக்கிழமைகள் நமக்குக் கிடைத்தன. நிறைய நாவல் வாசித்தோம், நிறையச் சண்டை பிடித்தோம். போன வருடம் நெஞ்சுவலி வந்து, அதிகம் கிடக்காமல், பிள்ளைகள் சூழ்ந்திருக்கப் போனீர்கள். அன்றைக்கு நானும் செல்லம்மாவும் உள்ளே பெண்களோடு இருந்தோம். என்ன மருந்து கொடுத்தார்கள், எதற்கு என்று உங்கள் மூத்த மகள் வரிசையாகச் சொன்னாள். டாக்டரிடம் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், உங்கள் கட்டியை எடுத்த அந்த டாக்டர் என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் வார்டில் வாசிக்கக் கூப்பிட்டதும், நான் போகத் தொடங்கியதும். இன்னும் போகிறேன். போன ஞாயிறு ஒரு புதுக் கதை, குடும்பக் கதை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அடுத்த நாள் காலை ஆப்பரேஷன். கதையின் நாயகிக்கு உடம்பு மோசமாகிக்கொண்டே வந்தது. அந்தப் பெண் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு கேட்டாள்: "பொழச்சிருவாளாங்க?"

அவள் தலைக்குப் பின்னால் நின்ற நர்ஸ் என்னைப் பார்த்து, பிழைத்துவிட்டதாக வாசித்துவிடுங்கள் என்று சாடை காட்டினாள்.

நான் தாளில் இருந்தபடி வாசித்தேன். நாயகி இறந்துபோனாள்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "பாவம் மகராசி," என்றாள். "சரிங்க. மேல வாசிங்க."